வைரவன் தலைக்கு மேல் ஒரு கண்மாய்

செத்த மீன்கள் குழியைவிட்டு எழுந்து, கடைவீதி வழியாகக் காற்றில் நீந்தி, வைரவன் வீட்டு வாசலில் போய் நின்ற அந்தப் பிற்பகலில், வேலிமங்கலத்து ஜனங்கள் முதலில் கவலைப்பட்டது தெருவில் காயப்போட்டிருந்த மிளகாய் வற்றலைப் பற்றித்தான். மீன்கள் ஈரத்தைச் சொட்டிவிட்டுப் போனால் வற்றல் பூசணம் பூத்துப்போகுமே என்று பெண்கள் சாக்கை எடுத்துக்கொண்டு மூட ஓடினார்கள். ஆனால் மீன்கள் ஒரு சொட்டும் சிந்தவில்லை. கட்லாவும் ரோகுவும் கெண்டையுமாக, பெரியது முன்னால் சிறியது பின்னால், சாமி ஊர்வலம் போல அவசரமில்லாமல் வந்து, தபால் ஆபீஸ் முக்கில் இடதுபக்கம் திரும்பி, கரண்டுக் கம்பிக்குக் கீழே பதனமாகக் குனிந்து, உரக்கடைத் தகரக் கூரையைத் தாண்டி, வைரவனுடைய அம்மா சிகப்பி துணி உலர்த்திக்கொண்டிருந்த வாசலில் வரிசையாக நின்றன.

"யாரு வேணும்?" என்று கேட்டாள் சிகப்பி, வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

மீன்கள் அவளுக்கு வழிவிட்டு, கொடியில் கிடந்த ஈரப் புடவையைச் சுற்றி வந்து, நிலைப்படி வழியாக உள்ளே போயின. உள்ளே கட்டிலில், பட்டப்பகலில், தலையோடு போர்த்திப் படுத்திருந்த வைரவனுக்கு மேலே, ஓட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த இடமெல்லாம் அடைத்துக்கொண்டு நின்றன. இடம் பற்றாதவை முற்றத்தில் நின்றன. அப்போது ஊருக்கே தெரிந்துபோயிற்று, கண்மாயில் பூச்சிமருந்து ஊற்றி மீன்களைக் கொன்றது யார் என்று.

கண்மாய், ஊருக்குக் கிழக்கே, மழை பெய்தால் கடல் மாதிரி விரிந்து கிடக்கும். அதில் மீன் வளர்த்துப் பிடிக்கிற உரிமையை, மீன்பாசி ஏலத்தைப் பல வருஷமாக முத்தரசு என்பவர்தான் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிராக யாரும் கேட்பதில்லை, கேட்டால் மாலையில் டீக்கடையில் முகம் பார்த்துப் பேசமுடியாது. அந்த வருஷம் அழகுநாச்சி கேட்டாள். மகளிர் குழுவில் வரவுசெலவு பார்த்துப் பழகியவள், நாற்பதைத் தாண்டியவள், கணவன் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தான். ஏலத்தில் அவள் கையைத் தூக்கியபோது விசிறிக்கொள்ளத் தூக்கினாள் என்று நினைத்தார்கள். மறுபடியும் தூக்கினாள். முத்தரசு சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார், பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

வைரவன் முத்தரசுவின் அக்காள் மகன். இருபத்தாறு வயது. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி வைத்திருந்தான், மாமனுடைய மீனைச் சந்தைக்கு ஏற்றிப்போவதுதான் அவனுக்குப் பிழைப்பு. ஏலம் கைமாறியதும் வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. ஒருநாள் அழகுநாச்சியிடம் போய், "அக்கா, உங்க மீனை நான் ஏத்துறேன்" என்று கேட்டான். அவள் வலையை உதறியபடியே, பத்துப் பேர் நிற்கும்போது, "மாமன் வண்டியில ஏறுனா என் மீனு மாமன் வீட்டுக்கே போயிரும்ப்பா" என்று சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று மாலை டீக்கடையில் முத்தரசு தன் பங்குக்கு, "ஒரு பொம்பள பேசுறத கேட்டுட்டு வந்து நிக்கிறான் பாரு, இவனுக்கு எதுக்கு மீசை" என்றார். அங்கேயும் சிரித்தார்கள். வைரவன் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு ஒரு விடியலில் கண்மாய் வெள்ளையாக இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் கொக்குக் கூட்டம் என்று நினைத்தார்கள். கிட்டே போனால் எல்லாம் மீன் வயிறு. அழகுநாச்சி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கூடையில் அள்ளி அள்ளிக் கரையில் கொட்டி, மடைக்குப் பக்கத்தில் தானே குழி வெட்டி, எல்லாவற்றையும் புதைத்து முடிக்க மதியமாகிவிட்டது. அவள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் குழி மண் இளகி, மீன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, அவளை ஒருமுறை சுற்றிவிட்டு, ஊரைப் பார்த்துக் கிளம்பின.

போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஜெசிந்தா, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "இது எப்பயிருந்து?" என்றாள். "மத்தியானத்துல இருந்து மேடம்" என்றாள் சிகப்பி. வைரவன் கட்டிலைவிட்டு எழுந்து, "நான்தான் ஊத்தினேன்" என்று சொன்னான். கேட்காமலே சொல்லிவிட்டதால் ஜெசிந்தாவுக்கு மேற்கொண்டு விசாரிக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். மீன்களும் கூடவே வந்தன, ஜீப்புக்குப் பின்னால் காத்தாடி வால்போல நீண்டு வளைந்து.

ஸ்டேஷனில் அவனை அடைத்தார்கள். மீன்கள் கம்பி வழியாக உள்ளே போய் நின்றுகொண்டன. மற்ற அறைகளிலும் நின்றன, எழுத்தர் மேஜைக்கு மேலும் நின்றன. அன்று வட்டாரத்துப் பூனைகள் எல்லாம் ஸ்டேஷன் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டதில் புகார் கொடுக்க வந்தவர்கள் உள்ளே வரமுடியவில்லை. ஜாமீன் கிடைத்து அவன் வெளியே வந்தபோது போலீஸ்காரர்கள் கைகூப்பி வழியனுப்பினார்கள்.

ஊர் பழகிக்கொண்டது. ஒரு ஊர் எதற்குத்தான் பழகாது. பஸ்ஸில் வைரவன் ஏறினால் கண்டக்டர், "உனக்கு ஒண்ணு, மேல இருக்கிறதுக்கு லக்கேஜ்" என்று கறாராகக் கேட்டார். பிறகு மீன்கள் பஸ்ஸுக்கு வெளியே கூரைமேல் வருவதைப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தார். சித்திரை வெயிலில் அந்த மீன் கூட்டத்தின் நிழல் குளுகுளுவென்று இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான். வைரவன் எங்கே நிற்கிறானோ அங்கே வந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்கள், அவன் நகர்ந்தால் "எங்கப்பா போற, இன்னும் ரசம் ஊத்தல" என்று அதட்டினார்கள். அழுகிற கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவன் தலைக்கு மேலே காட்டினார்கள், குழந்தைகள் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு அப்படியே தூங்கின. டிவிக்காரர்கள் வந்தார்கள், படமெடுத்தார்கள், எடுத்ததில் வெறும் வானம்தான் விழுந்திருந்தது என்று கண்டதும் பூனைகளைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பெண்வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வந்து, காபி குடித்து, ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பையன் பரவாயில்ல, ஆனா எங்க வீட்ல சைவம்" என்று எழுந்து போனார்கள்.

எல்லோருக்கும் அது நிழல், அது வேடிக்கை. வைரவனுக்கு மட்டும் அது கண். மீனுக்கு இமை கிடையாது. அவன் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் உறங்கும்போதும் அத்தனை கண்களும் அவனையே பார்த்தன, அத்தனை வாயும் எதையோ சொல்ல வருவதுபோலத் திறந்து திறந்து மூடின. கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். அவை சும்மா பார்த்தன. அவன் மெலிந்துபோனான். சிகப்பி தினமும் ஒரு சொளகு பொரியை மேலே வீசி, "சாமிகளா, எம்புள்ளைய விட்ருங்கய்யா" என்று கெஞ்சுவாள். மீன்கள் பொரியைத் தின்றன, நன்றாகவே தின்றன, ஆனால் போகவில்லை.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. அரசு வக்கீல், குற்றவாளி ஒப்புக்கொண்டுவிட்டான், சிறையில் போடவேண்டும் என்றார். அப்போது சாட்சிக் கூண்டில் நின்ற அழகுநாச்சி, யாரும் கேட்காமலே, "அய்யா, அவனை ஜெயிலுக்கு அனுப்பக்கூடாது" என்றாள்.

வைரவனே நிமிர்ந்து பார்த்தான்.

"ஏம்மா? மன்னிச்சிட்டீங்களா?" என்றார் நீதிபதி.

"அதெல்லாம் இல்லய்யா. அவன் உள்ள போனா என் மீனும் கூட உள்ள போயிரும். எனக்கு என்ன மிச்சம்? கண்மாயி நஞ்சாக் கெடக்கு, மீனு ஜெயில்ல கெடக்கும், நான் வெறுங்கையோட கரையில நிக்கணும். அவன் தெண்டச் சோறு தின்னுட்டு வருவான். என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலய்யா. வக்கீலு ரெண்டு பேரும் என் மீனைப் பத்தியே பேசுறாக, என்னைய ஒருத்தரும் பாக்கல."

நீதிபதி மேலே பார்த்தார். மின்விசிறியைச் சுற்றி மீன்கள் ஒதுங்கி நின்றன. விசிறியை யாரோ முன்யோசனையாக நிறுத்தியிருந்தார்கள். சிறை அதிகாரியும் ஒரு விண்ணப்பம் கொடுத்திருந்தார்: கைதியை ஏற்கத் தடையில்லை, உடன் வருபவற்றுக்கு இடமில்லை. "உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டார் நீதிபதி.

"தெரியலய்யா," என்றாள் அழகுநாச்சி. "அவன்கூட உட்காந்து பேசுனாத்தான் தெரியும்."

"அப்ப உட்காந்து பேசிட்டு வாங்க," என்று சொல்லி வாய்தா போட்டார் அவர். உட்கார வைக்கிற பொறுப்பு ஜெசிந்தாவுக்கு வந்தது.

விஷயம் கேள்விப்பட்டதும் ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் சுறுசுறுப்பானார்கள். பேசுவதற்கு என்ன இருக்கிறது, கோவில் முன்னால் கூட்டம் போட்டு, பையன் அந்த அம்மா காலில் விழுந்து எழுந்தால் முடிந்தது என்று முத்தரசு சொல்லி அனுப்பினார். செய்தி கொண்டுவந்தவரிடம் அழகுநாச்சி, "விழுறவன் உடனே எந்திரிச்சுப் போயிருவான். எனக்கு அவன் உட்காரணும்" என்று சொல்லி அனுப்பினாள்.

ஆக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கண்மாய்க் கரையில், பந்தல்காரரிடம் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். தலைமை நாற்காலி என்று ஒன்று இருக்கக்கூடாது என்று ஜெசிந்தா சொல்லிவிட்டதால், எங்கே உட்கார்வது என்று தெரியாமல் முத்தரசு ரொம்ப நேரம் சுற்றிவந்தார். சிகப்பி வந்தாள், உரக்கடை பெரியகருப்பன் வந்தார், டீக்கடை அங்கமுத்து வந்தார், பிறகு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நாற்காலி இல்லாமல் கரைச் சரிவில் உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா அழகுநாச்சியின் வலையிலிருந்து ஒரு மிதப்புக் கட்டையை அவிழ்த்து எடுத்தாள். "இது யாரு கையில இருக்கோ அவங்க மட்டும் பேசலாம். மத்தவங்க காது மட்டும் கொடுங்க. யாரும் யாருக்கும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. சரியா?" என்றாள்.

முதலில் கட்டை அழகுநாச்சிக்குப் போயிற்று. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"குஞ்சு விட்ட நாள்ல இருந்து தினம் சாயங்காலம் தட்டைத் தட்டிக்கிட்டுத்தான் தீவனம் போடுவேன்," என்றாள். "சத்தம் கேட்டதும் கரையோரம் கொதிக்கிற மாதிரி வரும்க. இப்பவும் சாயங்காலமானா கை தட்டைத் தேடுது. அது ஒண்ணு. இன்னொண்ணு இருக்கு, அதைத்தான் யாருகிட்டயும் சொல்லல. அன்னைக்கு நான் தண்ணிக்குள்ள நின்னு செத்ததை அள்ளிப் போட்டேன். கரையில ஊரே நின்னுச்சு. மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னுச்சு. எங்க மதினி நின்னுச்சு, என் குழுப் பொம்பளைங்க நின்னாக. ஒருத்தர் இறங்கல. மருந்து ஊத்துனவனை எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மத்தியானமே தெரிஞ்சுபோச்சு. ஆனா இத்தனை பேரு ஏன் இறங்கலன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அதான் எனக்கு உறக்கம் வரல."

அவள் கட்டையை வைரவனிடம் நீட்டினாள். "நீ சொல்லு. எதுக்குச் செஞ்ச?"

வைரவன், "தெரியலக்கா" என்றான். மீன்கள் ஒரு சாண் கீழே இறங்கின. அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும்க்கா," என்றான். "நீங்க சிரிச்சீங்க. மாமா சிரிச்சாக. டீக்கடையில எல்லாரும் சிரிச்சாக. வீட்டுக்குப் போனா அம்மா சோறு வச்சிட்டு, வண்டி இன்னைக்கும் நின்னுச்சான்னு கேட்டுச்சு. எல்லாத்தையும் எங்கயாச்சும் கொண்டுபோய்க் கொட்டணும்போல இருந்துச்சு. நாலஞ்சு மீனுதான் மிதக்கும், நீங்க பயந்துருவீங்கன்னு நெனச்சேன். காலையில வந்து பார்த்தேன்க்கா. நானும் கரையிலதான் நின்னேன். நீங்க ஒரு பெரிய கட்லாவைத் தூக்கி, அது உசுரோட இருக்கான்னு காதுகிட்ட வச்சுப் பார்த்தீங்க. அதைப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போயிப் போத்திக்கிட்டேன்."

அதைக் கேட்டதும் அழகுநாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அப்படிச் செய்ததை அவளே மறந்திருந்தாள்.

யாரும் கேட்காமல் உரக்கடை பெரியகருப்பன் கையை நீட்டிக் கட்டையை வாங்கினார். "இவனுக்கு ஒரு குழி நெலம்கூடக் கெடையாது. எனக்குத் தெரியும். பூச்சிமருந்து கேட்டப்ப எந்த வயலுக்குன்னு நான் கேட்டிருக்கணும். கேட்டா வியாபாரம் போயிரும்னு பேசாம எடுத்துக் குடுத்தேன்," என்றார். சொல்லி முடிப்பதற்குள் வைரவன் தலைக்கு மேலே நின்ற கூட்டத்திலிருந்து ஒரு கொத்து மீன்கள் பிரிந்து, வட்டத்தின் குறுக்கே நீந்திப்போய், பெரியகருப்பன் தலைக்கு மேலே நின்றன. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "வாங்க" என்றார்.

கட்டை சுற்றியது. டீக்கடை அங்கமுத்து அதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் டீ வேண்டுமா என்று கேட்டார், பிறகு, "நான் சத்தமாத்தான் சிரிச்சேன்" என்றார். நாலு கெண்டைகள் அவரிடம் போயின. ஜெசிந்தா தானே வாங்கிக்கொண்டு, "மருந்துக்கு முன்னாடியே இவங்க வலையை யாரோ அறுத்துட்டாங்கன்னு புகார் கொடுக்க வந்தாங்க. நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டேன். அப்பவே எழுதியிருந்தா இது இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றாள். ஒரு தடித்த ரோகு வந்து அவள் தொப்பிக்கு நேர் மேலே நின்றது. அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். கரைச் சரிவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். துணி நனையும் என்று நினைத்தேன் என்றாள் ஒருத்தி, முத்தரசு பார்த்துவிடுவார் என்று பயந்தேன் என்றாள் இன்னொருத்தி, மற்றவர்கள் இறங்குவார்கள் என்று காத்திருந்தேன் என்றார்கள் நிறையப் பேர். அழகுநாச்சியின் மதினி மட்டும், "நீ ஏலம் எடுத்ததுல எனக்குக் கொஞ்சம் பொறாமைதான் ஆத்தா" என்று உள்ளதை உள்ளபடி சொல்லி அழுதாள். ஆளுக்கு ஒன்று, ஆளுக்கு இரண்டு என்று மீன்கள் பிரிந்து பிரிந்து போக, கரை முழுவதும் தலைகளும் தலைக்கு மேலே மீன்களுமாக, பார்ப்பதற்குத் தேர்த்திருவிழாக் கூட்டம் பலூன் வாங்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

முத்தரசு கடைசிவரை கட்டையைத் தொடவில்லை. "நான் ஒரு வார்த்தை வேடிக்கையாச் சொன்னேன், அதுக்கு நான் என்ன செய்ய" என்று கட்டையில்லாமலே முணுமுணுத்துவிட்டு எழுந்து நடந்தார். கொஞ்சதூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஒரு மீனும் வரவில்லை. ஊரில் எல்லோர் தலைமேலும் மீன் நிற்க, தன் தலைமேல் மட்டும் வெறும் வெயில் அடிப்பது அவருக்கு என்னவோபோல் இருந்திருக்க வேண்டும். திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல் கட்டையை வாங்கி, "அந்தப் பேச்சு நான் பேசியிருக்கக்கூடாது. வைரவா, அது உன்னையக் குத்தும்னு தெரிஞ்சுதான் பேசுனேன்" என்றார். அவருக்கு ஒரு பெரிய கட்லாக் குடும்பமே வந்தது.

எல்லாம் பிரிந்தபின்னும் வைரவன் தலைக்கு மேலே ஒரு நல்ல கூட்டம் மிச்சமிருந்தது. அது அவனுடையது. அவனுக்கும் தெரிந்தது. ஆனால் அன்றுதான் அவன் முதல்முறையாக அண்ணாந்து அவற்றை நேராகப் பார்த்தான்.

கட்டை அழகுநாச்சியிடம் திரும்பியது. தனக்கு என்ன வேண்டும் என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது. "இந்தக் கண்மாயி மறுபடி மீனு வைக்கணும். அடுத்து மீனு பிடிக்கிற அறுப்பு வரைக்கும் அவன் வரணும், தெனம் வரணும், என்கூட நின்னு பாடுபடணும். அவன் வண்டியிலதான் தீவனம் வரும். ஊருல வீட்டுக்கு ஒரு ஆளு, மொறை வச்சு வந்து கை குடுக்கணும். அவ்வளவுதான்." அதை ஜெசிந்தா நீதிமன்றத்தில் சொல்ல, நீதிபதி, அறுப்பு முடியும்வரை வழக்கு காத்திருக்கட்டும் என்றார்.

அதன்பிறகு வேலை. நஞ்சான தண்ணீரை யார் வயலுக்கும் கால்நடைக்கும் போகாமல் தேக்கிவைத்து, வெயில் குடிக்கவிட்டு, காய்ந்த தரையைக் கீறி, சுண்ணாம்பு போட்டார்கள். வைரவன் முதலில் பயந்து பயந்துதான் வந்தான். அழகுநாச்சி அவனோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். "அங்கிட்டு அள்ளு." "இது பத்தாது." சில நாள் அவனைப் பார்த்ததும் அவளுக்குப் பழைய ஆத்திரம் வந்துவிடும், அன்றைக்கு அவன் கொண்டுவந்த மூட்டையை எல்லாம் இறக்கி மறுபடி ஏற்றச் சொல்லுவாள். அவன் இறக்குவான், ஏற்றுவான். ஒருமுறை அவனுக்கும் வெறுத்துப்போய், மலேசியாவுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சண்டை போட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மதுரை வரைக்கும் போய்விட்டான். அங்கே பஸ் நிலையத்தில் உட்கார்ந்து பரோட்டா தின்னும்போது மேலே பார்த்தால், மீன்கள் கொஞ்சம் சிறுத்திருந்தன. முழங்கை நீளம் இருந்தவை சாண் நீளம் ஆகியிருந்தன. தான் வேலை செய்த நாட்களில் அவை இளைத்துக்கொண்டு வந்திருக்கின்றன என்பது அவனுக்கு அங்கேதான் புரிந்தது. இலையை மடித்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினான். மறுநாள் வந்தவனைப் பார்த்து அழகுநாச்சி, "தீவனம் நனையுது, மூடு" என்றாள். எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை.

ஊரெல்லாம் அப்படித்தான் நடந்தது. முறைக்கு வந்து வேலை செய்தவர்களின் மீன்கள் முதுமையிலிருந்து இளமைக்கு வந்தன. உள்ளங்கை அளவாகி, விரல் அளவாகி, குழந்தைகள் அவற்றுக்குப் பெயர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முறைக்கு வராமல் டிமிக்கி கொடுத்தவர்களின் மீன்கள் அப்படியே தடித்துக் கிடந்ததால், யார் வரவில்லை என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முத்தரசு ஒரு வாரம் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஐப்பசியில் மழை கொட்டியது. கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வெளியே ஓடியது. குஞ்சுகள் விட்டார்கள். சாயங்காலம் தட்டுச் சத்தம் மறுபடி கேட்டது. தை, மாசி என்று மாதங்கள் போயின, தண்ணீருக்குள் மீன்கள் வளர வளர, காற்றில் நின்றவை சிறுத்துக்கொண்டே வந்தன.

பிறகு ஒரு மூட்டமான வாரம் வந்தது. காற்றில்லை, வெயிலில்லை, வானம் ஈரச் சாக்குபோல ஊர்மேல் கிடந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் வைரவன் தீவன மூட்டையோடு கரைக்கு வந்தான். கண்மாயின் மேல்பரப்பு முழுவதும் புள்ளி புள்ளியாக நெளிந்தது. மீன்கள் எல்லாம் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மாதக்கணக்காக, கண்ணை மூடினாலும் திறந்தாலும், அவன் பார்த்த வாய்கள். தண்ணீரில் மூச்சு இல்லை என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூட்டையைப் போட்டுவிட்டு, செருப்போடு, சட்டையோடு கண்மாயில் பாய்ந்தான். கையால் காலால் தண்ணீரை அடித்தான், கலக்கினான், அடித்துக்கொண்டே கத்தினான்.

"அக்கா! மீனு மூச்சு வாங்குதுக்கா! எல்லாரும் வாங்க! வந்து தண்ணியக் கலக்குங்க!"

அழகுநாச்சி ஓடிவந்தாள். கண்மாயைப் பார்த்ததும் அவள் கால்கள் கரையிலேயே நின்றுவிட்டன. மறுபடியும் வெள்ளை வயிறுகளைப் பார்க்க அவளால் முடியாது. அவள் அப்படி நிற்கும்போதே அவள் மதினி அவளைத் தாண்டி, சேலையோடு தண்ணீரில் இறங்கினாள். பின்னால் பெரியகருப்பன், அங்கமுத்து, நூறுநாள் வேலைப் பெண்கள் மண்வெட்டிகளோடு, முத்தரசு ஒரு மூங்கில் கழியோடு, பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் அந்த நுரையோடு. தட்டால் அடித்தார்கள், குடத்தில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார்கள், வேப்பங்கொப்பால் விளாசினார்கள், நீந்தத் தெரிந்தவர்கள் நடுவில் போய்க் காலால் உதைத்தார்கள். முழு ஊரும் கண்மாய்க்குள் நின்று தண்ணீரை அடித்த சத்தம் அடுத்த ஊர்வரை கேட்டது. என்ன விசேஷம் என்று அவர்களும் வந்தார்கள், வந்தவர்களும் இறங்கினார்கள். அழகுநாச்சி கடைசியாக இறங்கினாள். இறங்கியபின் அவள் அடித்த அடியில் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கண்ணே தெரியவில்லை. நன்றாக விடிந்து, மேற்கிலிருந்து முதல் காற்று வந்து தண்ணீரைச் சிலிர்க்க வைத்தபோது, மீன்கள் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டு ஆழத்துக்குப் போயின.

கரையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அங்கமுத்து டீ கொண்டுவந்தார். அழகுநாச்சி ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டுபோய் வைரவனிடம் நீட்டினாள். "குடி," என்றாள். அவன் வாங்கிக் குடித்தான். அவன் குடித்து முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

அறுப்பு பங்குனிக் கடைசியில் வந்தது. அன்று காலை வைரவன் எழுந்தபோது வீடு என்னவோ பெரிதாகத் தெரிந்தது. முதல்நாள் வரைக்கும் கடுகுபோல மின்னிக்கொண்டிருந்த புள்ளிகள் ஓட்டுக்குக் கீழே இல்லை. சிகப்பி சொளகில் பொரியோடு முற்றத்தில் நின்று, வெறும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தெருவில் நடந்தபோது தலைக்கு மேலே வெயில் நேராக விழுந்தது. யாரும் பார்க்காமல் நடப்பது எப்படியென்று அவனுக்கு மறந்துபோயிருந்தது, இரண்டு முறை இடறினான்.

கண்மாயில் இழுவலை விரித்திருந்தார்கள். ஒரு முனையை அழகுநாச்சி பிடித்திருந்தாள், மறுமுனை ஆளில்லாமல் கழியில் கட்டிக் கிடந்தது. அவன் தண்ணீரில் இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"போயிருச்சுக்கா," என்றான்.

அவள் அவன் தலைக்கு மேலே பார்த்தாள். "ம்."

"அப்ப நீங்க என்னைய மன்னிச்சிட்டீங்களா?"

அழகுநாச்சி வலைக்கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியலப்பா," என்றாள். "அந்த முனையப் போய்ப் பிடி. நல்லாக் காலை ஊனிக்க. இந்தத் தடவை கனமா இருக்கு."